சுவான் சாவ் ரென்: சீனப் புளியிலந்தைப் பருப்பு

தூக்கத்துக்கென்று விற்கும் மூலிகை மாத்திரைகளின் ஆங்கில அட்டையைப் பார்த்தால், ஒன்றில் 'புளிப்புப் பேரீச்சை விதை' என்றும், இன்னொன்றில் 'முள் ஜுஜூப்' என்றும், வேறொன்றில் 'சிசிஃபஸ் ஸ்பினோசா' என்றும் இருக்கும். எல்லாம் ஒரே சரக்குதான். சீனர்கள் இதைச் சுவான் சாவ் ரென் என்கிறார்கள். கொரிய மொழியில் சன்ஜோயின், ஜப்பானில் சன்சோனின். சீன எழுத்தில் எழுதினால் மூன்றும் ஒன்றே, உச்சரிப்புதான் வேறு.

சுவான் என்றால் புளிப்பு. சாவ் என்றால் இலந்தை இனத்துப் பழம். ரென் என்றால் கொட்டையை உடைத்தால் உள்ளே கிடைக்கும் பருப்பு. கன்பூசியஸ் மரபில் மனிதநேயத்தைக் குறிக்கும் 'ரென்' என்ற சொல்லுக்கும் இதே எழுத்துதான்.

சாவ் என்ற எழுத்தின் வடிவத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய வடிவத்தில், முள்ளைக் குறிக்கும் எழுத்து ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு முறை வரும். அதே முள் எழுத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 'ஜீ' என்ற வேறு சொல் ஆகிவிடும். அதற்கு முட்புதர், காட்டு இலந்தை என்று பொருள். உயரமாக வளர்ந்து பழம் தரும் மரத்துக்கு முள்ளை மேலே அடுக்கினார்கள், தரையோடு படரும் புதருக்கு முள்ளைப் பக்கவாட்டில் வைத்தார்கள் என்று இதற்கு விளக்கம் சொல்வதுண்டு. நமக்கு வேண்டிய புளிப்புப் பழம் அந்தப் புதரில் காய்ப்பது. நல்ல மரங்களை விட்டுவிட்டு இந்தப் புளிப்பு இலந்தையையும் முட்புதரையும் வளர்ப்பவன் மட்டமான தோட்டக்காரன் என்கிறார் பழஞ்சீனச் சிந்தனையாளர் மென்சியஸ். அந்தக் காலத்தில் யாரும் மதிக்காத செடி அது.

சீனாவின் வடக்கே ஹபெய், ஷான்ஷி, லியாவோநிங் போன்ற மாகாணங்களின் வறண்ட மலைச்சரிவுகளில் இது தானாக முளைத்துக் கிடக்கிறது. ஹபெயில் உள்ள ஷிங்தாய் பகுதிப் பருப்புக்குச் சந்தையில் தனி மதிப்பு. பழம் சிறியது, ஒரு சென்டிமீட்டர் அளவு. மேல்சதை மெல்லியது, நாக்கைச் சுருக்கும் புளிப்பு. சதையை எடுத்துவிட்டால் இரண்டு முனையும் மழுங்கிய கொட்டை. தோட்டத்து இனிப்பு ஜுஜூபின் கொட்டை இரு முனையும் கூராக இருக்கும், பல ரகங்களில் உள்ளே பருப்பே முதிராமல் சுருங்கிப் போயிருக்கும். தின்ன ஆகாத காட்டுப் பழத்திலிருந்து மருந்து வருவதற்கு இதுவும் ஒரு காரணம். இலையுதிர் காலக் கடைசியில் பழுத்ததைப் பறித்து, சதையை நீக்கி, ஓட்டை உடைத்து, உள்ளிருப்பதை வெயிலில் உலர்த்துகிறார்கள்.

கிடைக்கும் பருப்பு தட்டையான உருண்டை. நீளம் 5 முதல் 9 மில்லிமீட்டர், கனம் 3 மில்லிமீட்டர் அளவு. மேல்தோல் செங்கருநீலமாகவோ ஊதா கலந்த பழுப்பாகவோ, வழுவழுப்பாக மினுங்கும். பலவற்றில் ஒரு பக்கம் சமமாக இருக்கும், அதன் நடுவே நீளவாக்கில் ஒரு மேடான கோடு ஓடும். மறுபக்கம் சற்றே உப்பியிருக்கும். தோலை உரித்தால் வெள்ளை உறைக்குள் எண்ணெய்ப் பசையோடு இரண்டு வெளிர்மஞ்சள் பருப்பிதழ்கள். நடுக்கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பெரும்பாலும் 'ஜுஜூப் விதை' என்று எழுதிவிடுகிறோம். ஜுஜூப் என்பது கிரேக்கத்தின் சிசிபோன் இடைக்கால லத்தீனில் ஜுஜூபா ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். தாவரப் பெயரான சிசிஃபஸும் அதே வேரிலிருந்து வந்தது. தமிழில் இதற்கு நல்ல சொல் இருக்கிறது: இலந்தை. சங்க இலக்கியத்தில் இரத்தி. புறநானூற்றில் இரத்தி ஓங்கி வளர்ந்த மன்றத்தில் பாணர்கள் சோறு உண்கிறார்கள். பக்தி இலக்கியத்தில் வரும் வதரி, வடமொழி பதரியின் தமிழ் வடிவம். ஆங்கிலத்தில் 'சீனப் பேரீச்சை' என்று சொல்வதைப் பார்த்துத் தமிழில் பேரீச்சை என்று எழுதுவது மட்டும் வேண்டாம். பேரீச்சை பனைக் குடும்பம், இது இலந்தைக் குடும்பம். இரண்டுக்கும் எந்த உறவும் இல்லை.

அப்படியானால் 'புளிப்பு இலந்தை விதை' என்று எழுதிவிட்டால் சரியா? பாதி சரி. சிக்கல் இலந்தை என்ற சொல்லில்தான் இருக்கிறது.

1753இல் தாவரவியலாளர் லின்னேயஸ் இரண்டு மரங்களுக்குப் பெயர் வைத்தார். மத்தியதரைக் கடல் பக்கம் பயிரான, சீனாவிலிருந்து போன மரம் ஒன்று. அதற்கு ராம்னஸ் சிசிஃபஸ் என்று பெயர். இந்தியாவின் இலந்தைக்கு ராம்னஸ் ஜுஜூபா. 1768இல் மில்லர், சீன மரத்துக்குச் சிசிஃபஸ் ஜுஜூபா என்ற பெயரைக் கொடுத்துவிட்டார். பின்னால் வந்த லமார்க் முதலானவர்கள், லின்னேயஸ் சொன்ன 'ஜுஜூபா'வை எடுத்து இந்திய மரத்தையும் சிசிஃபஸ் ஜுஜூபா என்றார்கள். ஒரே பெயர், இரண்டு மரங்கள். முதலில் வந்த பெயருக்கே உரிமை என்பது தாவரவியல் விதி. அதனால் இன்றைக்குச் சீன மரம் சிசிஃபஸ் ஜுஜூபா, நம் இலந்தை சிசிஃபஸ் மௌரிசியானா. ஆனால் இந்தியாவில் அச்சான பழைய மூலிகை நூல்கள் பலவற்றில் நம் இலந்தைக்குச் சிசிஃபஸ் ஜுஜூபா என்றே இருக்கும். அதைப் படித்துவிட்டு, சீன ஆய்வுகளில் வரும் ஜுஜூபாவும் நம் ஊர் இலந்தையும் ஒன்றே என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சீன மரத்தின் பழம் நமக்குப் புதிதல்ல. யுனானி மருந்துகளில் சேர்க்கும் உன்னாப் அதுதான். பருப்புதான் இங்கே வழக்கத்தில் இல்லை.

இது வெறும் பெயர்த் தகராறு அல்ல என்பதற்குச் சீனச் சந்தையே சாட்சி. சுவான் சாவ் ரென் விலை உயர்ந்த சரக்கு. அதில் கலப்படம் செய்ய அதிகம் பயன்படுவது எது தெரியுமா? மியான்மர், யுன்னான் பக்கமிருந்து வரும் சிசிஃபஸ் மௌரிசியானா பருப்பு, அதாவது நம் இலந்தைப் பருப்பு! சீனர்கள் அதை லீ சாவ் ரென் என்று தனிப்பெயர் சொல்லிப் பிரிக்கிறார்கள். அது மஞ்சள் கலந்த பழுப்பாக, இன்னும் தட்டையாக இருக்கும். மேலே சொன்ன நடுக்கோடு அதில் இருக்காது. அங்கே போலிச் சரக்கு என்று ஒதுக்குவதை, இங்கே பெயர் ஒற்றுமையை வைத்து அதே மருந்து என்று சொன்னால் நோயாளிக்கு நாம் செய்வது தவறு.

ஆகவே என் பரிந்துரை 'சீனப் புளியிலந்தைப் பருப்பு'. நீளம்தான், ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் வேலை இருக்கிறது. 'சீன' நம் இலந்தையிலிருந்து பிரிக்கிறது. 'புளி' தோட்டத்து இனிப்பு ஜுஜூபிலிருந்து பிரிக்கிறது. 'பருப்பு' எந்த உறுப்பு என்று சொல்கிறது. இலந்தை விதை என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது துப்பிவிடும் கொட்டை. மருந்து அந்த ஓட்டில் இல்லை. பாதாம் பருப்பு, முந்திரிப் பருப்பு என்று உள்ளீட்டைக் குறிக்க நாம் சொல்லும் சொல்லே ரென்னுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது.

அப்புறம், மருந்து. ஹான் காலத்துப் பழைய மூலிகை நூலான ஷென்னொங் பென்சாவ் ஜிங் இந்தச் செடியை உயர்தர வகுப்பில் வைக்கிறது. ஆனால் கை கால் வலி, வாதம் என்றெல்லாம் சொல்லிவிட்டுத் தூக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. தூக்கம் மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங்கின் குறிப்புகளில் வருகிறது, ஏறத்தாழ கி.பி. 3ஆம் நூற்றாண்டுத் தொடக்கம். உடல் தளர்ந்து, மனம் அலைபாய்ந்து, உறக்கம் பிடிக்காதவருக்கு அவர் ஒரு கஷாயம் சொல்கிறார். பருப்பு 2 ஷெங்; அன்றைய ஒரு ஷெங் சுமார் 200 மில்லி கொள்ளளவு. அதை 8 ஷெங் தண்ணீரில் போட்டு 6 ஷெங்காகச் சுண்டக் காய்ச்ச வேண்டும். அதன்பிறகுதான் அதிமதுரம், ஜீ மூ கிழங்கு, பைன் வேரில் வளரும் ஃபூ லிங் பூஞ்சை, சுவான் ஷியோங் கிழங்கு நான்கும் சேரும். 3 ஷெங்காக வற்றியதும் மூன்று வேளையாகப் பிரித்து வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும். மற்றதை எல்லாம் எடை போட்டவர், பருப்பை மட்டும் படியால் அளக்கிறார். அதை முதலில் தனியாகக் காய்ச்சவும் சொல்கிறார். கஷாயத்தின் உயிர் எதில் என்று இதிலிருந்தே தெரிகிறது. சுவான் சாவ் ரென் தாங் என்ற பெயரில் அது இன்றும் வழக்கில் இருக்கிறது.

வேதியியலுக்கு வந்தால், இந்தப் பருப்பில் மூன்று வகைப் பொருள்கள் முக்கியமானவை. முதலாவது சப்போனின்கள், சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தரும் அதே வகை. இங்கே இருப்பவை ஜுஜூபோசைடு ஏ, பி. ஜுஜூபோஜெனின் என்ற நடுக்கட்டில் சர்க்கரைகள் கோத்த அமைப்பு இது. ஏ-யில் சர்க்கரை ஐந்து, பி-யில் ஒரு குளுக்கோஸ் குறைந்து நான்கு. ஏ பெரிய மூலக்கூறு, எடை 1,200க்கும் மேல், அதனால் குடல்வழியே முழுசாக உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. குடல் நுண்ணுயிர்கள் சர்க்கரைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, பி-யாகவும் பிறகு ஜுஜூபோஜெனினாகவும் மாற்றுகின்றன. மூளையில் வேலை செய்வது உண்மையில் இந்தச் சிதைபொருள்களாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இரண்டாவது ஸ்பினோசின் என்னும் ஃபிளேவோன், செடிகளில் காணப்படும் ஒருவகைச் சேர்மம். செடியின் 'ஸ்பினோசா', அதாவது முள்ளுள்ளது, என்ற பெயரிலிருந்து வந்த பெயர். இதில் ஒரு சர்க்கரை, வழக்கம்போல ஆக்சிஜன் வழியாக ஒட்டாமல் கார்பனோடு கார்பனாக நேரடியாக இணைந்திருக்கிறது. அந்தப் பிணைப்பை அமிலம் எளிதில் அறுக்காது. மூன்றாவது ஆல்கலாய்டுகள், அதாவது நைட்ரஜன் கொண்ட செடிச் சேர்மங்கள். சன்ஜோயினைன் என்ற அவற்றின் பெயர் கொரிய சன்ஜோயினிலிருந்து வந்தது. வளைய வடிவப் பெப்டைடு ஆல்கலாய்டான சன்ஜோயினைன் ஏ இவற்றில் அதிகம் பேசப்படுவது. தாமரை இலையில் உள்ள நியூசிஃபெரினும் இந்தப் பருப்பில் உண்டு. இவை போக, எடையில் கணிசமான பங்கு ஓலிக், லினோலிக் அமிலங்கள் மிகுந்த எண்ணெய். மருந்துகளின் தரத்தை வரையறுக்கும் அதிகாரபூர்வ நூலான சீன மருந்தியல் கோவை, உலர் பருப்பில் ஜுஜூபோசைடு ஏ 0.030 சதவீதத்துக்கும், ஸ்பினோசின் 0.080 சதவீதத்துக்கும் குறையக்கூடாது என்கிறது.

இவை எப்படித் தூக்கம் தருகின்றன? எலிகளில் பார்த்தவரை, ஜுஜூபோசைடு ஏ மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியில் குளூட்டமேட் தூண்டும் பரபரப்பைத் தணிக்கிறது, மூளையை அமைதிப்படுத்தும் காபா ஏற்பிகளையும் பாதிக்கிறது. ஸ்பினோசின், மயக்க மருந்தான பென்டோபார்பிட்டால் தரும் உறக்கத்தை நீட்டுகிறது. இதில் செரட்டோனின் என்னும் மூளை வேதிப்பொருளின் 1ஏ ஏற்பிக்குப் பங்கு உண்டு. மனிதர்களிடம் நடந்த சோதனைகளில், தூக்கத்தின் தரம் மேம்பட்டதாகவே பல முடிவுகள் வந்திருக்கின்றன. ஆனால் அவற்றில் பல சிறிய சோதனைகள், செய்த முறையும் திருப்தியாக இல்லை என்று தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அந்தக் குறையைச் சொல்லாமல் 'நிரூபிக்கப்பட்டது' என்று எழுதுவது நேர்மையில்லை.

பச்சையா, வறுத்ததா என்பது பழைய விவாதம். சீன மருத்துவர் லீ ஷிஜென், 1578இல் முடித்த தன் மூலிகைப் பெருநூலில், வறுத்தது தூக்கம் வராதவருக்கு, பச்சை அதிகம் தூங்குபவருக்கு என்று பிரிக்கிறார். இன்றைய விலங்குச் சோதனைகளில் இரண்டுமே அமைதி தருகின்றன. ஆனாலும் வறுப்பதற்கு நல்ல காரணம் உண்டு: பருப்பு உப்பி, கெட்டித்தோல் வெடித்து, கஷாயத்தில் சத்து எளிதாக இறங்குகிறது. உப்பி நிறம் லேசாக மாறியதும் இறக்கிவிட வேண்டும், கருகவிட்டால் வீண். காய்ச்சும் முன் இடித்துக்கொள்வதும் விதி. பெரியவர்களுக்குச் சீன மருந்தியல் கோவை சொல்லும் அளவு, நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம். ஏற்கெனவே தூக்க மாத்திரையோ மன அமைதிக்கான மருந்தோ எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும், மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடக்கூடாது. இரண்டு மயக்கமும் ஒன்றாகச் சேர்ந்தால் ஆபத்து.

எழுதுபவர்கள் முதல் இடத்தில் 'சீனப் புளியிலந்தைப் பருப்பு (சுவான் சாவ் ரென்)' என்று முழுதாகக் கொடுத்துவிட்டு, அடுத்த இடங்களில் 'புளியிலந்தைப் பருப்பு' என்று சுருக்கிக்கொள்ளலாம். சூப்பிலும் தேநீரிலும் போடும் சிவந்த உலர்பழத்துக்குச் 'சீன இலந்தைப்பழம்' போதும்.