ஹோல்ட் ஆன பணம் தானாக வீட்டுக்கு வராது

தருமபுரி நீதிமன்றங்களில் வழக்கறிஞராக இருக்கிறேன். வங்கிக் கணக்கிலிருந்து பணத்தைப் பறிகொடுத்தவர்கள் என்னிடம் பெரும்பாலும் இரண்டு விதமாக வருகிறார்கள். வீட்டில் சொல்லப் பயந்து நாளைக் கடத்திவிட்டு வருபவர்கள் ஒரு சாரார். இன்னொரு சாரார் உடனே புகார் கொடுத்தவர்கள். “பணத்தை ஹோல்ட் பண்ணிட்டாங்களாம் சார், எப்ப வரும்னுதான் தெரியலை” என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள். இவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆதங்கம் அதிகம். அவர்களுடைய பணம் யாரும் எடுக்க முடியாதபடி நிறுத்திவைக்கப்பட்டு, ஏதோ ஒரு வங்கியில் அப்படியே கிடக்கிறது. கேட்க வேண்டிய இடத்தில் போய் யாரும் கேட்கவில்லை.

பட்டுக்கூடு ஏலத்தில் விற்ற பணம், பாலக்கோடு, ராயக்கோட்டை மண்டியில் தக்காளி போட்ட பணம், கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய்ப் பணம் எல்லாம் இப்போது கணக்குக்கே வந்துவிடுகிறது. நூறு நாள் வேலைக் கூலியும் மகளிர் உரிமைத் தொகையும் அப்படித்தான். பல வீடுகளில் இத்தனைக்கும் ஒரே கணக்கு. அந்தக் கணக்கிலேயே மகன் போன்பேயும் போட்டுக் கொடுத்திருப்பான். இதை மாற்றச் சொல்லி என்னிடம் வருகிற எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன். விளைச்சல் பணம் ஒரு கணக்கில் இருக்கட்டும். யுபிஐக்குத் தனியாக ஒரு சின்னக் கணக்கு தொடங்கி, செலவுக்கு வேண்டியதை மட்டும் அதில் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், வங்கியில் பதிந்திருக்கும் போன் நம்பர் இன்றைக்கும் உங்கள் கையில் இருக்கும் நம்பர்தானா என்று கிளைக்குப் போய்ப் பாருங்கள். பழைய நம்பர் இருப்பதால், பணம் எடுக்கப்பட்ட செய்தியே வராமல், பாஸ்புக் பதியப் போன அன்றைக்கு விஷயம் தெரிந்தவர்கள் உண்டு.

பணம் போகும் வழி இரண்டு. சட்டத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

ஒன்று, உங்களுக்குத் தெரியாமலே எடுப்பது. “பிஎம் கிசான் தவணை 2,000 ரூபாய் நின்றுவிடும், உடனே கேஒய்சி புதுப்பிக்கவும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பு, அதாவது திறந்தால் போனில் ஒரு செயலியை ஏற்றிவிடும் கோப்பு வரும். வண்டிக்கு அபராதம், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரிலும் வரும். அதைத் திறந்து, கேட்கிற அனுமதியெல்லாம் கொடுத்துவிட்டால், போனுக்கு வரும் எஸ்எம்எஸ்ஸை அந்தச் செயலியே படித்துவிடும். “நான் யார்கிட்டயும் ஓடிபி சொல்லவே இல்லை சார்” என்று அழுதவர்கள் உண்மையைத்தான் சொன்னார்கள்.

இன்னொன்று, நம்பவைத்து உங்கள் கையாலேயே அனுப்பவைப்பது. ஓசூர் கம்பெனிகளில் வேலை செய்யும் பிள்ளைகள் டெலிகிராம் ‘பார்ட் டைம் வேலை’யில் மாட்டுவது இந்த வகை. முதலில் நூறு, இருநூறு கைக்கு வரும். பிறகு ஆயிரம் கட்டு, பத்தாயிரம் கட்டு என்று போகும். வீடியோ காலில் போலீஸ் உடுப்போடு வந்து ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டுவதும் இதில் சேரும். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே கிடையாது. எந்தக் காவல் நிலையமும் எந்த நீதிமன்றமும் போனில் பணம் கேட்காது.

எந்த வழியில் போயிருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான்: சைபர் குற்றப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு அழைப்பது. ஏமாற்றுகிறவர்கள் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்க மாட்டார்கள். மடை மாற்றிவிட்ட தண்ணீர் மாதிரி அது அடுத்தடுத்த கணக்குகளுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். 1930-ல் புகார் பதிந்ததும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பதை அவர்கள் நிறுத்திவைப்பார்கள். மேலே நகர்ந்திருந்தால் அடுத்த வங்கிக்குத் தகவல் போகும். அதனால்தான் வெட்கப்பட்டு உட்காரும் ஒவ்வொரு மணி நேரமும் பணமாகவே போகிறது. மனைவிக்குத் தெரிந்தால் என்ன நினைப்பாள், அப்பா திட்டுவாரே என்பதையெல்லாம் போனை வைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏபிகே திறந்த போனிலிருந்து அழைக்க வேண்டாம். அதன் இணையத்தை அணைத்துவிட்டு வேறு போனில் பேசுங்கள். கணக்கு எண், தொகை, தேதி, நேரம், யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண் ஆகியவை கையில் இருக்கட்டும். நெஃப்ட் வழியாக வங்கிக்கு வங்கி அனுப்பியது என்றால் அதன் பரிவர்த்தனை எண்ணான யுடிஆர் எண். பேசி முடித்ததும் வரும் ஒப்புகை எண்ணைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் புகாரை முழுமையாகப் பதிவு செய்யுங்கள். கைவராதவர்கள் மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்துக்கு நேரில் போகலாம்.

அதே நாளில் உங்கள் வங்கிக் கிளைக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். வாயால் சொன்னது போதாது. இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அந்த ஒரு தாள் இல்லாமல் தோற்கிற நிலைக்கு வந்த வழக்குகள் இருக்கின்றன.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையில்தான் இதற்கான காரணம் இருக்கிறது. உங்கள் அனுமதி இல்லாமல் பணம் எடுக்கப்பட்டு, தவறு உங்கள் மீதும் வங்கி மீதும் இல்லாமல் வெளியே எங்கோ நடந்திருந்தால், வங்கியின் செய்தி வந்த நாளைச் சேர்க்காமல் மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தால் உங்களுக்கு நஷ்டமே இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் உங்கள் பங்கு. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத அடிப்படைக் கணக்குக்கு அது 5,000. தவறு வங்கியுடையது என்றால் முழுப் பொறுப்பும் வங்கிக்குத்தான். புகார் கொடுத்த 10 வேலை நாட்களுக்குள் தொகையைக் கணக்கில் வரவு வைத்து, 90 நாட்களுக்குள் விஷயத்தை முடிக்க வேண்டும். வாடிக்கையாளர் மீதுதான் தவறு என்று வங்கி சொன்னால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கியே.

ரகசிய பின் நம்பரையோ ஓடிபியையோ நீங்களே கொடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு சுருங்கிவிடும். புகார் கொடுக்கும் வரை ஏற்பட்ட நஷ்டம் உங்களுடையது. புகாருக்குப் பிறகு ஒரு ரூபாய் போனாலும் அது வங்கியின் பொறுப்பு. முத்திரையில் இருக்கும் தேதி எவ்வளவு பெரிய விஷயம் என்று இப்போது புரியும். “நானாத்தானே அனுப்பினேன், கேஸ் நிக்குமா?” என்று கேட்பவர்களுக்கும் சொல்கிறேன், நிற்கும். வங்கியிடம் கேட்பதுதான் கடினம். ஏமாற்றியவன் செய்தது குற்றம்தான், நிறுத்திவைத்த பணத்தில் உங்கள் உரிமையும் அப்படியே இருக்கிறது.

சரி, பணம் ஹோல்ட் ஆகிவிட்டது. இனிமேல்தான் நம் ஆட்கள் நின்றுவிடுகிறார்கள். அந்தப் பணம் இருப்பது இன்னொருவர் பெயரில் உள்ள கணக்கில். தொகை பெரிதென்றால், பொதுவாக நீதிமன்ற உத்தரவு வந்த பிறகே வங்கி அதை விடுவிக்கும். ஆகவே எந்த வங்கியில், எந்தக் கணக்கில், எவ்வளவு நிறுத்தப்பட்டிருக்கிறது என்ற விவரத்தை சைபர் கிரைம் காவல் நிலையத்தில் கேட்டு வாங்குங்கள். பிறகு அந்தக் காவல் நிலைய எல்லைக்குரிய நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-வது பிரிவின்படி மனு போட வேண்டும். பழைய சட்டத்தில் இது 457-வது பிரிவு. புகார் நகல், எஃப்ஐஆரோ, புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சிஎஸ்ஆர் ரசீதோ எது கொடுத்திருக்கிறார்களோ அதன் நகல், வங்கி ஸ்டேட்மென்ட், ஆதார் ஆகியவை வேண்டும். நடுவர் காவல்துறையிடம் அறிக்கை கேட்பார், திருப்தியானால் பணத்தை உங்கள் கணக்குக்கு மாற்றும்படி வங்கிக்கு உத்தரவிடுவார். தேவை என்று வருமானால் திருப்பித் தருகிறேன் என்று பத்திரம் எழுதிக் கேட்பதும் உண்டு. வக்கீலுக்குச் செலவு செய்ய முடியாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியலின, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் கிடைப்பார். தள்ளிப்போடாதீர்கள். அதே கணக்கில் வேறு ஊர்க்காரர்களின் பணமும் நின்றிருக்கலாம், அவர்களும் மனு போடுவார்கள்.

வங்கி பதில் சொல்லாவிட்டாலோ, சொன்ன பதில் சரியில்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பதிலே இல்லை என்றால் 30 நாள் காத்திருந்துவிட்டுப் போக வேண்டும். கட்டணம் இல்லை, விளக்கம் கேட்க 14448. வங்கியின் சேவைக் குறைபாடு என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போடலாம்.

ஏமாற்றே இல்லாமல் ஒரு எண் மாறி வேறு யாருக்கோ பணம் போவதும் நடக்கிறது. 2025 ஏப்ரல் முதல் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும்போதும் கணக்குக்காரர் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதி வந்திருக்கிறது. பெயரைப் படித்துவிட்டு அனுப்புங்கள். மீறிப் போய்விட்டால் உடனே உங்கள் வங்கிக்கு எழுதுங்கள். வாங்கியவர் தர மறுத்தால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 72-வது பிரிவு உங்கள் பக்கம் இருக்கிறது. தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். யாராவது போன் செய்து “உங்க கணக்குக்குத் தெரியாம பணம் போட்டுட்டேன், திருப்பி அனுப்புங்க” என்றால், எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் கணக்கில் இருப்பைப் பாருங்கள். உண்மையிலேயே வந்திருந்தாலும் நீங்களாக அனுப்பாமல், வங்கி வழியாகவே வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பணத்தை இழந்தவர்களைத் தேடி இரண்டாவது முறையும் போன் வரும். “சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், ரீஃபண்ட் தயார், ப்ராசஸிங் கட்டணம் கட்டுங்கள்” என்பார்கள். 1930 கட்டணம் வாங்குவதில்லை. உங்களுக்குப் பணம் வருவதற்கு, பின் நம்பர் போட வேண்டிய அவசியமும் கிடையாது. கூகுளில் தேடி எடுக்கும் கஸ்டமர் கேர் நம்பரும் இதே ஆட்களுடையதாக இருக்கலாம். ஏடிஎம் கார்டின் பின்பக்கமும் பாஸ்புக்கிலும் அச்சிட்டிருக்கும் நம்பரை மட்டும் பயன்படுத்துங்கள்.