சித்தப்பா பாட்டை ஹெல்சின்கில யாருப்பா கேக்குறது?

மதுரை வில்லாபுரத்துல மாடில பத்துக்குப் பத்து ரூம், அதான் என் ஸ்டூடியோ, பன்னெண்டு வருசமா ஓடுது. முளைப்பாரி கும்மி பாடுற அக்காமார், நையாண்டி மேளம் செட்டு, காலேஜ் ராப் பசங்க, கிடார் தூக்கிட்டு வர்ற ஐடி தம்பிகனு எல்லா வகையும் வருவாங்க. பாட்டு முடிச்சுட்டு கிளம்புறப்ப எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "அண்ணே, இத எப்படிண்ணே நாலு பேரு காதுல போடுறது?" (அதுக்கு முன்னாடி கேக்குறது, முட்டை அட்டைய சுவத்துல ஒட்டுனா சத்தம் வெளிய போகாதுல்லண்ணே? போகும் தம்பி, நல்லாவே போகும்.)

போன வருசம் உசிலம்பட்டிப் பக்கத்துத் தம்பி ஒருத்தன் வந்தான். ராப். விஷயம் என்னன்னா அவங்கப்பாகிட்ட கடன் வாங்கிட்டு சிங்கப்பூர் போன சித்தப்பா அதுக்கப்பறம் குலசாமி கும்பிடுக்குக் கூட தலை காட்டலயாம், அந்தக் கடுப்ப அப்படியே பாட்டாக்கிட்டான். கீழ உறுமி, மேல இவன் வசவு. நான் சிரிச்சே ரெண்டு டேக் வீணாப் போச்சு. அவ்ளோ நல்ல பாட்டு, ஸ்பாட்டிஃபைல ரிலீஸ் பண்ணி மூணு வாரத்துல 46 ப்ளே.

பய நொந்துட்டான். அப்பப் பாத்து இன்ஸ்டால ஒரு டிஎம், "20,000 ஸ்ட்ரீம், 3,500 ரூபா, எல்லாம் ரியல் லிஸனர்ஸ்". என்கிட்ட சொல்லாம ஜிபே பண்ணிட்டான். பத்தே நாள்ல எண்ணிக்கை 21,000 தாண்டிருச்சுனு பிரியாணி பொட்டலத்தோட ஸ்டூடியோவுக்கு வந்து நிக்கிறான். போனை வாங்கி ஸ்பாட்டிஃபை ஃபார் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆப்ல (பாடுறவங்க தங்க கணக்கப் பாக்குற ஆப்) எந்த ஊர்ல எத்தன பேரு கேக்குறாங்கங்கிற லிஸ்ட்ட தொறந்தேன். மொத ஊரு ஹெல்சின்கி. ரெண்டாவது ஃப்ராங்க்ஃபர்ட். மதுரை எட்டாவதா கெடக்கு. இத்தனை ஆயிரம் ப்ளேல பாட்ட சேவ் பண்ணி வச்சவங்க 4 பேரு, அதுல ஒண்ணு நான், இன்னொண்ணு அவன் தங்கச்சி. "டேய், ஃபின்லாந்துக்காரனுக்கு உஞ்சித்தப்பாவத் தெரியுமாடா?"னு கேட்டேன், பிரியாணிய கீழ வச்சுட்டான்.

அது ஆளுக இல்ல, எங்கயோ சர்வர்ல ஓடுற பாட் (bot), ஆளு மாதிரி நடிக்கிற புரோகிராம். முப்பது செகண்டு ஓடுனா ஒரு ப்ளேனு கணக்கு, அதனால முப்பத்தஞ்சு செகண்டு ஓட்டிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவிரும். ஒரு மாசத்துல டிஸ்ட்ரிப்யூட்டர்கிட்டருந்து (நம்ம பாட்ட ஸ்பாட்டிஃபைல ஏத்தி விடுற கம்பெனி) மெயில் வந்துச்சு, ஆர்ட்டிஃபிஷியல் ஸ்ட்ரீமிங்காம், அதாவது போலி ப்ளே, பாட்டையே தூக்கிட்டாய்ங்க. காசு குடுத்து ப்ளேலிஸ்ட்ல எடம் புடிக்கிறதயே ஸ்பாட்டிஃபை அனுமதிக்கிறதில்ல, 2024-லருந்து போலி ஸ்ட்ரீம் ஓவரா இருக்குற பாட்டுக்கு டிஸ்ட்ரிப்யூட்டர் தலைல அபராதம் வேற விழுது. அவுக சும்மா இருப்பாகளா, நம்ம அக்கவுண்ட்ல கை வப்பாக. டிஎம் போட்டவன் அதுக்குள்ள ஐடிய மாத்திட்டான்.

பசங்க ஏன் இதுல விழுறாய்ங்கனு புரியாம இல்ல. அதே 2024-லருந்துதான் ஒரு பாட்டு கடைசி 12 மாசத்துல 1,000 ப்ளே தொட்டாத்தான் ராயல்ட்டி கணக்குலயே சேரும்னு ஆக்கிட்டாங்க, 46-ல நிக்கிறவனுக்கு அந்த ஆயிரம் மலை மாதிரி தெரியுது. ஆனா ராயல்ட்டியவிட பெரிய சேதாரம் ஒண்ணு இருக்கு, அத யாரும் சொல்ல மாட்டாய்ங்க. இந்தப் பாட்டக் கேட்டவங்க வேற என்னென்ன கேக்குறாங்கனு பாத்துத்தான் ஆப் அடுத்த ஆளுக்கு நீட்டும். பாட் என்ன கேக்கும்? ஜெர்மன் டெக்னோ, மழைச் சத்தம், எவனோ ஒருத்தனோட பியானோ. அப்பறம் உறுமி ராப்ப கொண்டுபோய் தூங்குறதுக்கு பாட்டுத் தேடுறவன்கிட்ட நீட்டுனா அவன் அஞ்சு செகண்டுல தள்ளிவிட்டுட்டுப் போயிருவான், சரி இது யாருக்கும் பிடிக்காத பாட்டு போலனு ஆப்பும் முடிவு பண்ணிரும்.

இப்ப கேக்குறவங்க பக்கம் வரேன், எனக்கு இதுதான் முக்கியம். மெமரி கார்டுல பாட்டு ஏத்துன காலத்து பழக்கம் நமக்கு இன்னும் போகல, "மாப்ள அந்த எம்பித்ரீய அனுப்பு"னு வாட்ஸ்அப்ல வாங்கிக்கிறோம். பாட்டு ஊரெல்லாம் சுத்தும், பாடுனவன் கணக்குல ஒண்ணுகூட ஏறாது. லிங்க்கா அனுப்புங்க. முழுசாக் கேளுங்க, பிடிச்சா சேவ், ஃபாலோ, உங்க வண்டி ப்ளேலிஸ்ட்ல ஒரு எடம், அவ்ளோதான்.

அனுப்புறதுலயும் ஒரு பக்குவம் இருக்கு. ஐம்பது பேரு குரூப்ல "செம சாங், சப்போர்ட் பண்ணுங்க"னு போட்டா எவனும் தொட மாட்டான், நானே தொட மாட்டேன். ஒரு ஆளுக்கு ஒரு பாட்டு, அவரு ஏற்கனவே கேக்குறதுலருந்து ஒரே எட்டு தள்ளி. எங்க தெரு மினி பஸ் டிரைவர் அண்ணன் எண்பதுகள் மெலடி தவிர எதயும் போட மாட்டாரு, அவருக்கு எடுத்தவுடனே ராப்ப நீட்டுனா என்னை வண்டியவிட்டு இறக்கிருவாரு. அவருக்கு கிடார், புல்லாங்குழல் மட்டும் வச்சு ஒரு தம்பி பாடுனத அனுப்புனேன், "ரெண்டாவது சரணத்துல புல்லாங்குழல் வரும் பாருங்க"னு ஒரு வரி சேத்து. கேட்டாரு. ஒரு மாசம் கழிச்சு அவரே "வேற இருக்கா?"ன்னாரு.

குத்து கேக்குறவங்கள பறை பக்கம் கூட்டிட்டுப் போறது ஈசி. நம்ம அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025-ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, அவர் அடிய ஒரு தடவ கேட்டுட்டு அப்பறம் பறையோட எலெக்ட்ரானிக் கலந்து பண்ற பசங்கள கேளுங்க, இவங்க அடி எங்கருந்து வருதுனு தெரியும். நாட்டுப்புறம்னா விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் அம்மா, 2018 பத்மஸ்ரீ, அங்கருந்து இப்ப கும்மி பாடுற அக்காமார்கிட்ட வாங்க. ராப் பிடிக்காதும்பாங்களே, அவங்களுக்கு நான் நீட்டுறது தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்ங்கிற சென்னை இசைக்குழு. கானாவும் ராப்பும் ராக்கும் ஒரே மேடைல நிக்கும், எங்கிட்டாவது ஒரு எடத்துல மாட்டிக்கிருவாங்க.

மேலூர் பக்கத்து அக்கா ஒருத்தவங்க கதையும் சொல்லணும். அவங்களே கட்டுன கும்மிப் பாட்டு, ஒரு சேனல்காரங்க 2,000 ரூபா கையில குடுத்து ஒரு தாள்ல கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாங்க. பின்னாடி பேரன் அதே பாட்ட யூட்யூப்ல போட்டா காப்பிரைட் கிளைம் வருது, அவங்க பாட்டுக்கே! மெட்டு ஊருக்குப் பொதுவா இருக்கலாம், வரி அவங்களுது. 1957 காப்பிரைட் சட்டத்துல 2012-ல பண்ண திருத்தத்துக்கப்பறம், எழுதுனவங்களும் இசை போட்டவங்களும் ராயல்ட்டி பங்க சேனலுக்கோ கம்பெனிக்கோ எழுதிக்குடுத்தாலும் அது செல்லாது. அந்தத் தாள்ல எத்தன வருசம்னு எழுதலன்னா அஞ்சு வருசம்னுதான் அர்த்தம், எந்த நாடுனு எழுதலன்னா இந்தியாவுக்குள்ள மட்டும்தான். அதனால கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி தாள போட்டோ எடுத்து வச்சுக்கோங்க, இந்த அக்காகிட்ட அதுகூட இல்ல.

உசிலம்பட்டித் தம்பி நாலு மாசம் இந்தப் பக்கமே வரல. அப்பறம் சித்தப்பாவுக்கு ரெண்டாம் பாகம் எழுதிட்டு வந்தான், இது இன்னும் காட்டம். இந்த தடவ ரிலீஸ் தேதிய மூணு வாரம் தள்ளி வச்சு, ஆப்ல இருந்தே ஸ்பாட்டிஃபை ப்ளேலிஸ்ட் போடுற எடிட்டருக்கு 'இத சேத்துக்கோங்க'னு பிட்ச் பண்ண வச்சேன் (ஏழு நாளுக்கு முன்னாடியாவது அனுப்பணும், காசு கெடையாது, நம்மாளுக பாதிப் பேருக்கு இது தெரியாது). எடிட்டர் எடுக்கல. ஆனா முன்னாடியே அனுப்பினதால ஃபாலோ பண்றவங்க ரிலீஸ் ரேடார்ல (புதுப் பாட்டக் காட்டுற ப்ளேலிஸ்ட்) வந்துருச்சு. நான் ஒரு பதினஞ்சு பேருக்குத் தனித்தனியா அனுப்புனேன், மினி பஸ் அண்ணனுக்கும்தான், இப்பத் தாங்குவாரு.

ரெண்டு மாசத்துல 1,300. ஊர் லிஸ்ட்ட தொறந்தோம். மதுரை, சென்னை, திருப்பூர், தேனி. கீழ சிங்கப்பூர்னு ஒண்ணு, 3 பேரு. எனக்கு திக்குனு ஆயிருச்சு, மறுபடி எவன்கிட்டயாவது காசு குடுத்தியாடானு கேட்டேன்.

"இல்லண்ணே, அது சித்தப்பா. நேத்து அப்பாவுக்கு போன் பண்ணிருக்காரு."