இழுத்துப் பாடும் இடத்தில் எந்த எழுத்து?

பாட்டெழுத வரும் இளைஞர்கள் என்னிடம் காட்டும் நோட்டுகளில் பெரும்பாலும் கவிதைகளே இருக்கின்றன. அவற்றுள் சில மிக நன்றாகவும் இருக்கின்றன. ஆனால், ஒரு மெட்டைக் கேட்கவைத்து அதற்குள் எழுதச் சொன்னால் பலரும் தடுமாறுகிறார்கள். திரைப்பாடல்களில் இன்று பெரும்பாலும் மெட்டே முதலில் கைக்கு வருவதால், இந்தத் தடுமாற்றத்தைத் தொடக்கத்திலேயே கடந்துவிட வேண்டும்.

மெட்டின் அளவைத் ‘தன, தான’ என்று ஒலித்துக் காட்டும் தத்தகாரத்துக்குச் சொல் பொருத்துவது அத்தனை கடினமன்று. ‘தனன தானன’ என்ற இடத்தில் ‘சிறகு தேடுது’ என்று எழுதச் சில வாரப் பயிற்சி போதும். மெட்டு நீண்டு நிற்கும் இடத்தில் எந்த எழுத்தை வைப்பது என்பதில்தான் சிக்கல். என் முதல் பாடலின் பல்லவியைக் ‘காற்று’ என்ற சொல்லில் முடித்திருந்தேன். ஒலிப்பதிவில் பாடகர் அதை நான்கு தட்டுக்கு இழுத்தபோது ‘காற்றூ’ என்று கேட்டது. கண்ணாடிக்கு அப்பாலிருந்து இசையமைப்பாளர் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அரை மாத்திரையாகக் குறுகி ஒலிப்பதாகப் பள்ளியில் மனப்பாடம் செய்த குற்றியலுகரம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. சொல்லின் கடைசியில் 1 மாத்திரையாகக் குறுகும் ஐகாரத்தை நீட்டும்போதும் இதே எச்சரிக்கை தேவை. மாறாக, ‘வானம்’ போல மகர ஒற்றில் முடியும் சொல்லைப் பாடகர் வாயை மூடியபடி முனகலாகவே நீட்டிவிடலாம்.

‘காற்றே’ என்று விளித்துவிட்டால் சிக்கல் உடனே தீரும். நம் பாடல்களில் நிலாவும் காற்றும் ஓயாமல் அழைக்கப்படுவதற்குக் காதலைவிட இந்த நெடிலின் வசதியே பெரிய காரணம் என்பது என் கணிப்பு. எழுதுபவரின் தனி நடை பிறப்பதும் இந்த நெருக்கடியில்தான். ‘காற்றே’ என்பவர் அழைக்கிறார், ‘காற்றோ’ என்பவர் ஐயுறுகிறார், ‘காற்றா’ என்பவர் கேட்கிறார். மூவரும் வெவ்வேறு மனிதர்கள். நாங்கள் அன்று ‘காற்றா’ என்று மாற்றியதால் முந்தைய வரியையும் கேள்வியாக்க நேர்ந்தது. ஏக்கமாக எழுதப்பட்ட பல்லவி சந்தேகமாக மாறிற்று. அந்தச் சந்தேகக் குரலே இன்றுவரை என் பாடல்களில் தொடர்கிறது. ஆகவே நடையைத் தனியாகத் தேடிப் போகாமல், ஒரே நீட்டலுக்குப் பத்து முடிவுகளை எழுதிப் பார்த்து, எந்த வகை முடிவை உங்கள் கை மீண்டும் மீண்டும் தேர்கிறது என்று கவனியுங்கள்.

எதுகையிலும் அப்படியே. கண், மண், விண் என்று தானாக வரிசைகட்டி வருபவை முன்பே பலர் எழுதித் தேய்ந்தவை. அவற்றை எழுதி, அடித்துவிட்டு, அதற்குப் பிறகு வருவதை வைத்துக்கொள்ளுங்கள். ஊர்ச் சொல்லைப் பயன்படுத்தலாம், ஆனால் உங்கள் வீட்டில் உண்மையாகவே புழங்கிய சொல்லாக இருக்கட்டும். கடன் வாங்கிய வட்டார வழக்கு பாடகரின் நாவிலேயே காட்டிக்கொடுத்துவிடும்.

எழுதியதைத் தாளில் சரிபார்ப்பதோடு நில்லாமல், மெட்டோடு உரக்கப் பாடி, மூச்சு எங்கே விழுகிறது என்றும் பாருங்கள். ‘தாமரை’யின் முதல் எழுத்தில் மெட்டு நின்றுவிட்டால், அது ‘தா, மரை’ என்று பிரிந்து, கேட்பவருக்கு யாரோ மானைத் தரச் சொல்வது போலிருக்கும்; மரை என்பது ஒரு வகை மான்.