கேனன்: அந்த ஷாம்பு விளம்பரத்தில் ஒலிக்கும் இசை

தாய்லாந்தில் 2008-ல் பான்டீன் ஷாம்புக்காக ஒரு விளம்பரப் படம் எடுத்தார்கள். இயக்கியவர் தனோன்சாய் சோர்ன்ஸ்ரீவிச்சை. (நமக்குத் தெரிந்த தனஞ்சயன்தான் தாய்லாந்து மொழியில் தனோன்சாய் ஆகியிருக்கிறார்.) சுமார் நான்கு நிமிடம் ஓடும் படம். காது கேளாத ஒரு பள்ளி மாணவிக்கு வயலின் மேல் ஆசை. பியானோ வாசிக்கும் சக மாணவி ஒருத்தி அவளை ஏளனம் செய்கிறாள். தெருவோரம் வயலின் வாசிக்கும் பெரியவர் ஒருவர் கற்றுக்கொடுக்கிறார், அவருக்கும் காது கேளாது. "நான் மட்டும் ஏன் மற்றவர்கள் மாதிரி இல்லை?" என்று அவள் சைகையில் கேட்க, "ஏன் மற்றவர்கள் மாதிரி இருக்க வேண்டும்?" என்று அவரும் சைகையிலேயே திருப்பிக் கேட்கிறார். கடைசியில் உடைந்து ஒட்டுப்போட்ட வயலினோடு அவள் போட்டி மேடை ஏறுகிறாள். ஷாம்பு என்ற பொருளே அதுவரை நம் நினைவுக்கு வராது.

அவள் வாசிக்கும் இசையின் பெயரைத் தேடினால் 'கேனன் இன் டி' என்று வரும். அந்தக் கேனன் என்ற சொல்லைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன்.

முதலில் சில குழப்பங்களைத் தள்ளிவைத்துவிடலாம். கேமரா நிறுவனத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. அவர்கள் 1934-ல் செய்த முதல் மாதிரிக் கேமராவுக்குப் பௌத்தக் கருணைத் தெய்வத்தின் பெயரால் 'குவானன்' என்று பெயர் வைத்தார்கள், பிறகு அதுதான் 'கேனன்' என்று மாறியது. கானம் என்ற சொல்லோடும் உறவு கிடையாது. ஒலி ஒத்துப்போவது தற்செயல். பீரங்கியைக் குறிக்கும் கேனன் மட்டும் தூரத்துச் சொந்தம். அது எப்படி என்று பார்ப்போம்.

கிரேக்கத்தில் 'கன்னா' என்றால் நாணல். செமிட்டிய மொழிகளிலிருந்து அங்கே போன சொல் அது. நாணல் உள்ளே குழாயாக இருப்பதால், அது லத்தீன், இத்தாலியம் வழியாக 'பெரிய குழாய்' என்ற பொருளில் பீரங்கிக்குப் பெயரானது. அதே நாணல் நேராகவும் இருக்கும் அல்லவா? அந்த நேரான தன்மையிலிருந்து பிறந்தது 'கனோன்': நேரான கோல், அளவுகோல். தச்சர் கையில் இருந்த கோல் மெல்ல மெல்ல 'விதி', 'நெறி' என்று பொருள் விரிந்து, பின்பு விதிப்படி ஏற்கப்பட்ட நூல்களின் தொகுப்பையும் குறிக்கத் தொடங்கியது. கிறித்தவர்கள் வேதநூல் வரிசையைக் கேனன் என்பது இதனால்தான். தமிழில் அதற்குத் 'திருமுறை' என்ற சொல் நிலைத்துவிட்டது, மிகப் பொருத்தமான சொல்.

இந்த இடத்தில் எனக்குள் ஒரு மணி அடித்தது. தமிழில் 'நூல்' நடந்துவந்த பாதையும் ஏறக்குறைய இதேதான். மரத்தின் கோணலைப் பார்க்கத் தச்சர் இழுத்துப் பிடிக்கும் நூல், மனத்தின் கோணலைத் தீர்க்கும் நூலுக்கு உவமை என்கிறது நன்னூல் பாயிரம். அங்கே கோல், இங்கே நூல். இரண்டும் தச்சுப் பட்டறையிலிருந்து புறப்பட்டுப் புத்தகத்தில் போய் நின்றிருக்கின்றன.

சரி, இசைக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? பழைய ஐரோப்பாவில் பல குரல் பாட்டுக்கு ஒரே ஒரு மெட்டை மட்டும் எழுதி, 'இத்தனை தட்டுக் கழித்து இரண்டாம் குரல் இதையே தொடங்கட்டும்' என்பது போல ஒரு குறிப்பும் எழுதுவார்கள். அந்தக் குறிப்புக்குத்தான் கேனன், அதாவது விதி, என்று பெயர். விதியின் பெயர் நாளடைவில் பாட்டுக்கே ஒட்டிக்கொண்டது.

விளம்பரத்தில் ஒலிக்கும் கேனனை எழுதிய யோகான் பாகெல்பெல் (1653–1706) ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்துக்காரர். அவருடைய கேனன் மூன்று வயலின்களுக்கும் ஓர் அடிநாதத்துக்கும் எழுதப்பட்டது. அடிநாதத்தில் எட்டே சுரம், தட்டுக்கு ஒன்று. டி என்ற மேற்கத்திய சுரத்தை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் ஸ ப த க ம ஸ ம ப. மேல் ஸட்ஜத்தில் தொடங்கி, படியில் இறங்குவது போல இறங்கி, மீண்டும் பஞ்சமத்துக்கு ஏறும். இதே எட்டும் மாறாமல் 28 முறை திரும்பி வரும். அதன் மேல் முதல் வயலின் ஒரு மெட்டைத் தொடங்கும். எட்டுத் தட்டுக் கழித்து இரண்டாவது வயலின் அதே மெட்டை முதலிலிருந்து எடுக்கும். இன்னும் எட்டுத் தட்டில் மூன்றாவதும் சேர்ந்துகொள்ளும். மூன்றும் வாசிப்பது ஒரே மெட்டு, ஆனால் எந்த நொடியிலும் மூன்றும் வேறு வேறு இடத்தில் இருக்கும். அந்த இடைவெளிதான் காதுக்குள் நிறைவாக விழுகிறது. நெடுங்காலம் மறந்துகிடந்த இந்த இசை 1919-ல்தான் அச்சேறியது. பிரெஞ்சு இசைக்குழு நடத்துநர் ழான் ஃபிரான்சுவா பையார் 1968-ல் வேகம் குறைத்துப் பதிவுசெய்த பிறகு உலகமெல்லாம் பரவியது.

இதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்? 'எதிரொலி இசை' சரிவராது, எதிரொலி தேய்ந்துபோகும்; இங்கே பின்னால் வரும் குரல் முன்னதற்குச் சமமாக ஒலிக்கிறது. 'அந்தாதி' என்று சொல்லத் தோன்றும், எனக்கும் தோன்றியது. ஆனால் அந்தாதியில் ஒன்று முடிந்த இடத்தில்தான் அடுத்தது தொடங்கும். கேனனில் முதலாவது நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்தது புறப்பட்டுவிடும். 'நெறியிசை' என்றால் கிரேக்க மூலத்துக்கு உண்மையாக இருக்கும், ஆனால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. எல்லா இசைக்கும் நெறி உண்டுதானே.

நான் 'அடியொற்றிசை' என்று எழுதுவேன். முன்னே போகிறவர் பதித்த தடத்தில் பின்னே வருகிறவர் கால் வைப்பது அடியொற்றல். 'அடி' என்பது பாட்டின் வரியும்தான். இரண்டு பொருளும் இங்கே பொருந்துகின்றன. விதியைக் குறிக்கும்போது முறை, வேதநூலுக்குத் திருமுறை, இசைக்கு அடியொற்றிசை. பாகெல்பெல்லின் டி மேஜர் அடியொற்றிசை என்று சொல்லிப் பாருங்கள், நாக்கில் இடறாது.

அப்புறம், விளம்பரத்துக்கு வருகிறேன். இலக்கணப்படி பார்த்தால் மேடையில் அந்தப் பெண் வாசிப்பது கேனன் ஆகாது. பின்தொடர இன்னொரு வயலின் வேண்டும், அவளோ தனியாக நிற்கிறாள். பாகெல்பெல்லின் மெட்டும் சுர அடுக்கும்தான் அங்கே இருக்கின்றன. ஆனால் தெருவில் பெரியவர் வில்லை இழுப்பதையும், பிறகு அவள் அதே வில்லிழுப்பை எடுப்பதையும் முன்பே பார்த்துவிட்டோம். முதல் வயலின் அவருடையது. அவள் சில ஆண்டுகள் கழித்து நுழைந்த இரண்டாவது வயலின்.