லேமினார் இருக்கிறதே, அப்புறம் என்ன பயம்?

போன வாரம் ஒரு தம்பி எங்கள் ஆய்வகத்துக்கு வந்தார். காளான் வித்து தயாரிக்க வீட்டிலேயே லேமினார் ஹூட் (வடிகட்டிய காற்றை ஒரே சீராக வீசும் வேலைப் பெட்டி) கட்டியவர். எல்லாம் யூடியூப் படிப்பு. டிபன் பையிலிருந்து ஒரு பெட்ரி தட்டை (கிருமி வளர்க்கும், மூடியுள்ள சிறு தட்டு) எடுத்தார். நான் கையுறை மாட்டுவதற்குள் மூடியைத் திறந்து, "மோந்து பாருங்க மேடம், திராட்சை வாசனை!" என்றார். சமையலறைச் சாக்கடைக் குழாயில் பஞ்சை ஒற்றி வளர்த்ததாம்.

பச்சை நிறம், திராட்சை மணம் என்றால் எங்கள் மாணவர்களுக்கே சூடோமோனாஸ் (புண்ணில் தொற்றக்கூடிய பாக்டீரியா) சந்தேகம் வந்துவிடும். வீட்டில் யார் யார் என்று கேட்டேன். பாட்டிக்குச் சர்க்கரை, காலில் ஆறாத புண்ணாம். எனக்குப் பகீரென்றது. இந்த ஆண்டு இப்படி வருபவர்களில் இவர் மூன்றாவது ஆள்.

"லேமினாருக்குள்ள வச்சுத்தானே செஞ்சேன்?" என்றார். அந்த மூவரும் இதையேதான் சொன்னார்கள். ஹெப்பா ஃபில்டர் என்ற நுண்வடிகட்டி வழியாக வரும் சுத்தமான காற்று தட்டின் மேல் பட்டு, நேராக உங்கள் முகத்துக்கு வருகிறது ஐயா! காவல் தட்டுக்கு மட்டும்தான். மின்விசிறிக்கு முன்னால் மிளகாய்ப் பொடியை வைத்துவிட்டு எதிரே உட்காருவீர்களா? காளானுக்கு அது போதும், கிருமிக்குப் போதாது. முன்பக்கக் காற்றை உள்ளே இழுத்து, வெளியேறும் காற்றையும் வடிகட்டுவது பயோசேஃப்டி கேபினட். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். எம்.எஸ்சி. முடித்தவர்களிலும் குழம்புகிறவர்கள் உண்டு, எனவே நான் பட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. முதலாண்டில் ஒரு சீனியர் அக்கா பக்கத்திலேயே நின்று, தட்டின் மூடியை நான் எவ்வளவு தூக்குகிறேன் என்று பார்த்துப் பார்த்துத் திட்டினார். வீடியோ திட்டாது.

தானே கற்றால் என்ன தப்பு என்பவர்கள், உடனே கிருமிகளை முதலில் பார்த்த லீவன்ஹூக்கை இழுப்பார்கள். துணி வியாபாரி, தானே கற்றவர், எல்லாம் சரி. 1670களில் அவர் தண்ணீரை லென்ஸில் பார்த்தார், அகாரில் (கிருமி வளர்க்கும் கூழில்) பெருக்கவில்லை. குழாயில் கொஞ்சமாக இருந்த கிருமி, அகாரில் ஓரிரு நாளில் ஒரு புள்ளிக்கே கோடிக்கணக்கில் ஆகிவிடும்.

காளான், தயிர், ஈஸ்ட் எல்லாம் தாராளமாகச் செய்யுங்கள். சாக்கடை, கழிப்பறை, காயம், எச்சில் பக்கம் மட்டும் போகாதீர்கள். ஏற்கெனவே வளர்த்தாயிற்றா? திறக்காதீர்கள், மோந்து பார்க்காதீர்கள் (எங்கள் பேராசிரியர்கள் மோந்தே பெயர் சொன்ன தலைமுறை; நாங்கள் விட்டுவிட்டோம்). குப்பையில் போடாதீர்கள். பக்கத்துக் கல்லூரி ஆய்வகத்துக்கு முதலில் போன் செய்துவிட்டு, மூடியபடியே கொண்டு போங்கள். ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியில் கிருமியைக் கொல்லும் கருவி) 121 டிகிரியில் அரை மணி நேர வேலை. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சரி, கொஞ்சம் கோபிப்போம்.

தம்பியின் தட்டையும் அப்படித்தான் முடித்தோம். சனிக்கிழமைதோறும் வந்து எங்கள் மாணவர்களோடு நிற்கச் சொல்லியிருக்கிறேன்.