கடுகளவு சன்னல்களும் ஒரு வரிக் காகிதமும்

புத்தக அட்டை வரைய வரும் இளைஞர்களுக்கு நான் முதலில் காட்டுவது பிரிட்டிஷ் ஓவியர் கிறிஸ் ஃபாஸின் விண்கப்பல்களை. 1946இல் கெர்ன்சி தீவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் கட்டடக்கலை படிக்கப் போய்ப் பாதியில் விட்டவர். 1970களில் பிரிட்டனில் வெளிவந்த அறிவியல் புனைகதைப் புத்தகங்களின் முகத்தையே மாற்றிவிட்டார்.

அதுவரை விண்கப்பல் என்றால் பளபளக்கும் வெள்ளி ஊசி. ஃபாஸ் வரைந்தது தட்டுத் தட்டாக ஒட்டுப்போட்ட, அழுக்கேறிய, சரக்கு ஏற்றி அலுத்துப்போன கப்பல். விலாவில் மஞ்சள் கறுப்புப் பட்டைகள். அதன் ஓரத்தில் கடுகளவு சன்னல்களாக ஒரு வரிசை வைப்பார். உடனே கப்பல் ஒரு ஊரளவு பெரிதாகிவிடும். காற்றால் மையை ஊதும் ஏர்பிரஷ் கருவியின் வேலை. படத்தின் மேல் மெல்லிய பிலிமை ஒட்டி, கத்தியால் கீறி எடுத்து, திறந்த இடத்தில் மட்டும் மையைப் புகைபோல ஊத வேண்டும். நானும் முயன்றேன். மூன்றாவது பிலிமை உரிக்கும்போது அடியிலிருந்த வண்ணமும் சேர்ந்தே வந்துவிட்டது.

புத்தகத்தைப் படிக்காமலேதான் பெரும்பாலும் வரைந்தேன் என்று ஃபாஸ் கூச்சமில்லாமல் சொல்லியிருக்கிறார். தொலைபேசியில் கதைச்சுருக்கம் கேட்டே வரைந்த அட்டைகள் என்னிடமும் உண்டு, ஆகவே இதில் நான் வாய் திறக்க முடியாது.

அவர் கதையில் நமக்கு வேண்டிய பகுதி பிறகு வருகிறது. அறிவியல் புனைகதை எழுத்தாளர் அசிமோவின் நாவல் ஒன்றுக்கு அவர் வரைந்த அட்டைப் படத்தை, 1990களில் கிளென் பிரவுன் என்ற ஓவியர் பெரிய கேன்வாஸில் நகலெடுத்தார். தலைப்பிலேயே ஃபாஸின் பெயரையும் குறிப்பிட்டார். அந்த நகல் பின்னாளில் ஏலத்தில் பல லட்சம் பவுண்டுக்குப் போனது. 2000இல் பிரிட்டனின் டர்னர் கலைப் பரிசுக் கண்காட்சியில் அதே பிரவுன் வைத்த ஓவியம், இன்னொரு அறிவியல் புனைகதை எழுத்தாளரான ஹைன்லைனின் நாவலுக்கு ஆண்டனி ராபர்ட்ஸ் வரைந்த அட்டையைத் தழுவியது. ராபர்ட்ஸ் சட்ட நடவடிக்கை எடுத்தார். விவகாரம் சமரசத்தில் முடிந்தது.

நம் நாட்டில் நிலைமை வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஒருவர் கேட்டு, பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால், முதல் உரிமையாளர் வரையச் சொன்னவர்தான். பதிப்பாளர் கேட்டு நாவல் எழுதித் தரும் எழுத்தாளருக்கு இந்த விதி பொருந்தாது. ஒரே புத்தகம், உள்ளே இருப்பவருக்கு உரிமை நிற்கிறது, அட்டையில் இருப்பவருக்கு நழுவிவிடுகிறது.

எனக்கு இது புத்தகக் கண்காட்சியில் புரிந்தது. நான் வரைந்த ஒரு படம், வேறொரு புத்தகத்தின் அட்டையில் இடவலம் மாறி நின்றது. மூலையில் என் கையெழுத்தும் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பி. உள்ளே எங்கும் என் பெயர் இல்லை. ஒரு பிரதி வாங்கினேன். வழக்கமான பத்து சதவீதத் தள்ளுபடியும் கிடைத்தது. வீட்டுக்கு வந்து பழைய பில்லைத் தேடினால், ‘அட்டைப்படம் - 1’ என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அதே சட்டத்தின் 57ஆம் பிரிவின்படி, இந்தப் படத்தை வரைந்தது நான்தான் என்று உரிமைகோர எனக்கு வழி இருந்தது. பதிப்புரிமை வேறொருவர் கைக்குப் போனாலும் அது என்னிடமே நிற்கும். ஆனால் அதை வைத்து வீட்டு வாடகை கொடுக்க முடியாது.

இப்போது தூரிகையைத் தொடும் முன்பே ஒரு காகிதம் கொடுக்கிறேன். பதிப்புரிமை ஓவியருக்கே, இந்தப் புத்தகத்தின் அட்டைக்கு, இத்தனை ஆண்டுக்கு மட்டும் அனுமதி, மூல ஓவியம் திரும்பி வர வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். படம் கொடுத்த பிறகு கேட்டால் சங்கடம், அதற்கு முன்பு கேட்டால் வெறும் நடைமுறை. ‘நமக்குள் எதற்கு சார் காகிதம்?’ என்று இதுவரை ஒருவர்தான் மறுத்தார். மற்றவர்கள் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.