மேப்பிள் பீரில் வெந்தயம் மணப்பது எப்படி?

மேப்பிள் சிரப், அதாவது மேப்பிள் மரச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் பாகு, சேர்த்த கறுப்பு பீரை ஒரு தமிழ் வீட்டில் திறந்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது பான்கேக் இல்லை, வெந்தயம். மூக்கில் கோளாறு ஒன்றும் இல்லை. இரண்டிலும் ஒரே வேதிப்பொருள் இருக்கிறது, அதன் பெயர் சோடலோன்.

டொரோண்டோவில் வேலை செய்யும் அக்கா மகன் தீபாவளிக்கு மலேசியாவில் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் வந்தபோது அப்படி ஒரு போத்தல் கொண்டுவந்தான். 330 மில்லி, 11 சதவீத ஆல்கஹால், லாகர் வகை, போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்தது. சின்னக் கிளாஸ்களில் பங்கு போட்டோம். ரப்பர் தோட்டத்திலேயே வேலை செய்து ஓய்வு பெற்ற மாமா கிளாஸை மூக்கருகே கொண்டுபோய், "என்னா மாப்ள, வெந்தயக் கொழம்பு வாட அடிக்குது" என்றார். இன்னொரு தடவை முகர்ந்துவிட்டு, "ஸ்மோக் அவுஸ் வாடயும் இருக்கு" என்றார், ரப்பர் ஷீட்டைப் புகையில் காயவைக்கும் அறையைத்தான் சொன்னார். லேபிளில் வெனிலா, கேரமல், டோஃபி என்று அழகாக எழுதியிருந்தார்கள். அதைவிட மாமா சொன்ன இரண்டும்தான் வேதியியலுக்கு நெருக்கம் என்பது என் கட்சி.

முதலில் வெந்தயம். வெந்தயத்துக்கு அந்த வாசனையைக் கொடுப்பதே சோடலோன்தான். குறைவாக இருக்கும்போது மேப்பிள் சிரப் போல, கருகிய சர்க்கரை போல மணக்கும், கொஞ்சம் கூடினால் கறித்தூளாகிவிடும். ஒரு லிட்டரில் சில மைக்ரோகிராம் இருந்தாலே மனித மூக்கு பிடித்துவிடும், மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. கடைகளில் விற்கும் போலி மேப்பிள் சிரப்புகளுக்கு வாசனை சேர்க்க வெந்தயச் சாறு பயன்படுவதும் இதனால்தான். 2005 முதல் சில வருடங்கள் நியூயார்க்கில் திடீர் திடீரென்று மேப்பிள் சிரப் வாசனை வீசி, விஷவாயுவோ என்று பயந்த மக்கள் நகராட்சிக்குப் போன் மேல் போன் போட்டார்கள். கடைசியில் 2009இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள், ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூ ஜெர்சியில் வாசனைப் பொருள் தயாரிக்கும் ஆலை ஒன்றில் வெந்தயத்தைப் பக்குவப்படுத்தும்போது கிளம்பிய வாசம் என்று. நம் ஆயா ஒருத்தர் அங்கே குடியிருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்.

இதே பொருள் உடம்பிலும் உண்டாகும். சில அமினோ அமிலங்களைச் சிதைக்க முடியாமல் பிறக்கும் குழந்தைகளின் சிறுநீரில் மேப்பிள் வாசம் வரும், நோய்க்கே அந்தச் சிரப்பின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். தாய் பிரசவத்துக்கு முன்னால் வெந்தயம் சாப்பிட்டிருந்ததால் நல்ல ஆரோக்கியமான குழந்தையிடம் அந்த வாசம் வந்து, டாக்டர்கள் அந்த நோயோ என்று சந்தேகப்பட்ட சம்பவம்கூட மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது.

சரி, மேப்பிள் மரத்துக்கு வருவோம். நம் ஊரில் இதை விளக்குவது சுலபம், ஏனென்றால் மரத்தைக் காயப்படுத்தி வடிப்பது என்றால் என்ன என்று இங்கே சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் பால்மரமும் மேப்பிளும் நேர் எதிர். ரப்பர் பால் பட்டையில் இருக்கிறது, பட்டைக்குள் ஓடும் மெல்லிய பால் குழாய்களைச் சீவித் திறக்கிறோம், கத்தி உள்ளே போய் மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை ஒழுங்காக வளராது, கங்காணியிடம் ஏச்சு வேறு. மேப்பிளில் வேண்டிய சாறு பட்டையில் இல்லை, உள்ளே மரக்கட்டையில், வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறும் குழாய்களில் இருக்கிறது. அதனால் சுண்டுவிரல் கனத்துக்கும் குறைவாக, 5 சென்டிமீட்டர் ஆழம் வரை துளை போட்டு ஒரு குழாயைச் செருகுகிறார்கள்.

சாறு வடிவதற்கு இரவில் உறைபனியும் பகலில் இளம் வெயிலும் வேண்டும். இரவில் மரம் உறையும்போது கட்டைக்குள் இருக்கும் வாயு சுருங்கி, நார்களுக்குள் பனிக்கட்டி படிந்து, வேரிலிருந்து தண்ணீர் உறிஞ்சப்படும். பகலில் உருகும்போது வாயு விரிந்து, உள்ளே அழுத்தம் கூடி, துளை வழியே சாறு சொட்டும். வருடத்தில் குளிர்காலம் முடியும் சில வாரங்களில்தான் இது நடக்கும். கனடாவின் கியூபெக் மாநிலம் உலக மேப்பிள் சிரப்பில் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தயாரிப்பதும், பேராக்கில் ஒரு மேப்பிள் மரத்தை நட்டு எவ்வளவு பாடுபட்டாலும் ஒரு சொட்டு வராததும் ஒரே காரணத்தால்தான்.

வடியும்போது அது வெறும் தண்ணீர் மாதிரி இருக்கும், சர்க்கரை 2 சதவீதம்தான். ஏறக்குறைய 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால் 1 லிட்டர் சிரப் கிடைக்கும். தென்னம்பாளையில் இறங்கும் சாற்றில் சர்க்கரை 10 சதவீதத்துக்கும் மேல் இருப்பதால் நமக்கு வெல்லம் காய்ச்ச அவ்வளவு விறகு வேண்டாம். ஆனால் நம் வெப்பத்தில் அது சும்மா இருப்பதில்லை, காற்றிலும் பானையிலும் உள்ள ஈஸ்ட் சில மணி நேரத்திலேயே அதைக் கள்ளாக்கிவிடும், மறுநாள் விட்டால் புளித்துக் காடி. அந்தக் கள்ளுக்குத் தோட்டங்களில் பெரிய சரித்திரமே உண்டு. 1941இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்கள் கோரிக்கைகளில் ஒன்று. குடியைப் பற்றி எழுதும்போது அதை மறந்துவிட்டு ருசியை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

இப்போது பீர் தயாரிப்பவருக்கு ஒரு சிக்கல். மேப்பிள் சிரப்பில் இருக்கும் சர்க்கரை பெரும்பாலும் சுக்ரோஸ், அதாவது நாம் டீயில் போடும் அதே சீனி. ஈஸ்ட்டுக்கு அது அல்வா. சுக்ரோஸை உடைத்து, முழுவதையும் தின்று, ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றிவிடும். நொதிக்கும்போது சிரப்பை ஊற்றினால் இனிப்பு ஒரு துளி மிஞ்சாது, போதை மட்டும் ஏறும், மெல்லிய வாசனையில் ஒரு பகுதி பொங்கி வரும் வாயுவோடு பறந்துவிடும். விலை உயர்ந்த சிரப்பை இப்படிச் செலவழிப்பது வீண். அதனால் நொதித்தல் முடிந்த பிறகு, ஈஸ்ட்டை வடிகட்டியோ சூடுபடுத்திக் கொன்றோ, அப்புறம்தான் சேர்ப்பார்கள். இன்னொரு வழியும் உண்டு, விஸ்கி காலியான பீப்பாயில் முதலில் மேப்பிள் சிரப்பைச் சில மாதம் ஊறவைத்து, சிரப்பை எடுத்துவிட்டு அதே பீப்பாயில் பீரை நிரப்புவது. மரப்பலகை குடித்து வைத்திருக்கும் சிரப் மெதுவாகப் பீரில் இறங்கும். எனக்குப் பிடித்த வழி இதுதான், நாக்கில் சீனிப்பாகு ஒட்டாது.

லாகர் என்பதற்கும் நிறத்துக்கும் சம்பந்தமே இல்லை, அதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். காப்பிக்கடையில் நாம் பார்க்கும் லாகர் எல்லாம் மஞ்சள், ஸ்டவுட் எல்லாம் கறுப்பு, அதனால் வந்த குழப்பம். நிறம் மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, எவ்வளவு வறுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. லாகர் என்பது ஈஸ்ட்டையும் குளிரையும் பொறுத்தது. லாகர் ஈஸ்ட் ஒரு கலப்பினம், ரொட்டிக்கும் லாகர் அல்லாத பீருக்கும் பயன்படும் ஈஸ்ட்டோடு குளிரைத் தாங்கும் காட்டு ஈஸ்ட் ஒன்று கலந்து பிறந்தது. அந்தக் காட்டு ஈஸ்ட் எது என்று வெகுகாலம் தெரியாமல் இருந்து, தென் அமெரிக்காவின் படகோனியாக் காடுகளில் அதைக் கண்டெடுத்ததாக 2011இல்தான் அறிவித்தார்கள். லாகர் ஈஸ்ட் 8 முதல் 14 டிகிரி செல்சியஸ் குளிரில் வேலை செய்யும், பிறகு உறைநிலைக்குப் பக்கத்தில் வாரக்கணக்கில் படுக்கப்போடுவார்கள். குளிரில் நிதானமாக நொதிப்பதால் வாழைப்பழம் போல மணக்கும் எஸ்டர்கள் குறைவாகவே உண்டாகும். மால்ட், மரம், மேப்பிள் எது சேர்த்தாலும் தெளிவாகத் தெரிவதற்குக் காரணம் அதுதான். குளிர்பதன இயந்திரம் வருவதற்கு முன் நம் சீதோஷ்ணத்தில் லாகரை நினைத்தே பார்த்திருக்க முடியாது. 1932இல் சிங்கப்பூரில் டைகர் பீர் வந்தபோது அந்த இயந்திரமும் வந்திருந்தது.

கறுப்பு நிறத்துக்குக் காரணமான வறுத்த மால்ட்டில் நடப்பது மெய்யார் வினை, சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் கொடுப்பது. நெய்யில் வெங்காயம் சிவப்பதும் பெரும்பாலும் அதுதான். கறுப்பு பீர் குடித்தால் ரத்தம் ஊறும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள், ஊறாது. அதில் இருக்கும் இரும்புச்சத்து பெயருக்குத்தான்.

அடுத்து மாமாவின் ஸ்மோக் ஹவுஸ். அமெரிக்கச் சட்டப்படி போர்பனைப் புதிய, உட்புறம் கரியாக்கிய ஓக் கலனில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்படுத்தினால் அதே பீப்பாயில் மறுபடி போர்பன் போட முடியாது. அதனால் ஏறக்குறைய 200 லிட்டர் கொள்ளும் நல்ல பீப்பாய்கள் வேறு யாருக்காவது போகும், 1990களில் சிகாகோ பக்கம் பீர்க்காரர்கள் அவற்றை வாங்கி நிரப்பிப் பார்த்த பிறகு இது ஒரு பெரிய மோகமாகிவிட்டது.

மரக்கட்டை மூன்று பொருள்களால் ஆனது என்று வைத்துக்கொள்ளலாம், செல்லுலோஸ், ஹெமிசெல்லுலோஸ், லிக்னின். தீயில் காட்டும்போது செல்லுலோஸ் பெரிதாக ஒன்றும் தராது. ஹெமிசெல்லுலோஸ் உடைந்து சர்க்கரையாகிக் கருகிக் கேரமல் வாசம் தரும். லிக்னின்தான் பெரிய புதையல். மிதமான சூட்டில் அது உடையும்போது வெனிலின் வரும், வெனிலா ஐஸ்கிரீமில் இருக்கும் அதே மூலக்கூறு. இன்னும் கருகும்போது குவாயகோல் வரும், அது புகை வாசனை. விறகு எரியும் எந்தப் புகையிலும் குவாயகோல் உண்டு. ரப்பர் ஷீட்டுகளைக் கம்பிகளில் தொங்கவிட்டு நாள்கணக்கில் விறகுப் புகையில் காயவைத்தார்களே, அந்த அறைச் சுவரில் ஏறியிருந்த வாடையிலும் அது இருந்தது. மாமாவின் மூக்கு பீப்பாயின் கரியைச் சரியாகப் பிடித்திருக்கிறது. லேபிள் எழுதியவர் ஸ்மோக் ஹவுஸுக்குள் போயிருக்க மாட்டார், அதனால் 'கேம்ப்ஃபயர்' என்றுதான் எழுதத் தோன்றும்.

ஓக்கில் கிராம்பின் யூஜெனாலும் இருக்கிறது, தேங்காய் போல மணக்கும் ஒரு லாக்டோனும் இருக்கிறது, அமெரிக்க வெள்ளை ஓக்கில் இந்தத் தேங்காய் வாசம் தூக்கலாகவே இருக்கும். வெந்தயம், கிராம்பு, தேங்காய், புகை என்று வரிசையாகச் சொன்னால் பீருக்குக் குறிப்பா, குழம்புக்குக் குறிப்பா என்று சந்தேகம் வரத்தான் செய்யும். அதோடு பலகை வழியே காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசிந்து பீரை மெல்ல மாற்றும். ஷெரி, மதெய்ரா போன்ற பழைய வைன்களில் இப்படி ஆக்சிஜன் பட்டே சோடலோன் உண்டாகிறது, மேப்பிள் மரம் பக்கத்திலேயே இல்லாமல்.

வாயில் வைத்ததும் தொண்டையில் லேசாக எரிவது பீப்பாயால் இல்லை. சூட்டை உணரும் ஒரு புரத வாங்கி நம் நரம்புகளில் இருக்கிறது, மிளகாய் எரிவதும் அதன் வழியாகத்தான். வழக்கமாக 42 டிகிரி வாக்கில்தான் அது விழிக்கும், ஆல்கஹால் பட்டால் 34 டிகிரியிலேயே விழித்துவிடும். நம் உடம்பின் சூடே அதைவிட அதிகம், ஆக நம் சூடே நம்மைச் சுடுவதாக மூளைக்குச் செய்தி போகிறது.

இனிப்பும் பாதி மாயைதான். வெனிலின் நாக்குக்கு இனிப்பே இல்லை, ஆனால் வாழ்நாள் முழுக்க அதைச் சீனியோடு சேர்த்தே சாப்பிட்டிருப்பதால் மூளை இனிப்பைக் கூட்டிக் காட்டும். விழுங்கும்போது வாயிலிருந்து மூக்கின் பின்பக்கமாக ஏறும் வாசத்தைத்தான் பெரும்பாலும் 'ருசி' என்கிறோம், மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு மிடறு குடித்தால் கசப்பும் கொஞ்சம் இனிப்பும் சூடும் மட்டும் மிஞ்சும். பான்கேக் சாப்பிட்டு வளர்ந்த மூளை சோடலோனைக் காலைப் பலகாரத்தோடு சேர்க்கிறது, நாம் அதை மீன் குழம்போடு சேர்க்கிறோம்.

கிளாஸில் ஐஸ் போடும் நம் ஊர்ப் பழக்கம் சாதாரண லாகருக்குப் பரவாயில்லை, இதற்குக் கூடவே கூடாது. குளிரில் வாசனை மூலக்கூறுகள் அவ்வளவாக ஆவியாகாது, நாக்கின் இனிப்புணர்வும் மங்கும், கொடுத்த காசுக்கு ஐஸ் தண்ணீர்தான். 12 டிகிரி வாக்கில் குடிக்க வேண்டும், ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்தால் போதும், இங்கே தானாகச் சூடேறிவிடும்.

பங்கு போட்டுக் குடிப்பதற்கும் கணக்கு இருக்கிறது. 330 மில்லியில் 11 சதவீதம் என்றால் 36 மில்லி சுத்தமான ஆல்கஹால், 5 சதவீத பீர் இரண்டு போத்தலுக்கும் மேலே. சிரப்பின் வாசம் அதை மறைத்துவிடும், ஆபத்தே அதுதான், வண்டி ஓட்டுகிறவர் முகர்ந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். மலேசியாவில் 2016 முதல் பீருக்கு வரி ஆல்கஹால் அளவைப் பொறுத்துதான், ஆகவே இந்த வகை இங்கே மலிவாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வருடக்கணக்கில் வைத்துக் குடிக்கலாம் என்று போத்தலில் எழுதியிருப்பதையும் அப்படியே நம்ப வேண்டாம். அது 10, 12 டிகிரி நிலவறையை மனதில் வைத்து எழுதியது. 30 டிகிரி ஓடும் நம் கூடத்து அலமாரியில் பீர் பல மடங்கு வேகமாக மூப்படையும், மேப்பிளும் வெனிலாவும் போய் நனைந்த அட்டைப்பெட்டி வாசம் வந்துவிடும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் நிற்க வைத்து, அடுத்த தீபாவளிக்குள் திறந்துவிடுவது நல்லது.